வெள்ளைக் கொக்குகளைப் பிரித்தறிவது எப்படி?

பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மீன்கொத்தி, பஞ்சுருட்டான், மாங்குயில் என்று வண்ணமுள்ளவற்றைத் தேடிப் போகிறார்கள். அவற்றைக் கண்டவுடன் பெயர் தெரிந்துவிடும், அதனாலேயே கண்ணுக்குப் பயிற்சி கிடைக்காது. என்னைக் கேட்டால் ஊர் ஏரிக்குப் போய் வெள்ளைக் கொக்குகளில் தொடங்குங்கள் என்பேன். ஆண்டு முழுவதும் இருக்கும். உருவம் பெரிது, திறந்த வெளியில் நிற்கும், பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பறந்து ஓடாது. எல்லாமே வெள்ளை என்பதால் நிறத்தை நம்ப வழியில்லை. அலகு, கடைவாய், கால், கழுத்து, நடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும். இங்கே படியும் பழக்கம் பிறகு உள்ளான்களையும் பருந்துகளையும் பார்க்கும்போது அப்படியே கைகொடுக்கும்.

தமிழ்நாட்டின் ஏரி, கண்மாய், வயல்களில் முழு வெள்ளையாக நிற்கும் கொக்கு பெரும்பாலும் நான்கில் ஒன்றுதான்: உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு. தமிழ்ப் பெயர்கள் பட்டியலுக்குப் பட்டியல் கொஞ்சம் மாறும், உண்ணிக்கொக்கை மாட்டுக்கொக்கு என்பவர்களும் உண்டு. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் இதே வரிசையில் ஏறத்தாழ 50, 60, 70, 90 செ.மீ. வரும்.

அளவைப் படித்துவிட்டோம் என்று ஏரிக்குப் போனால் முதல் ஏமாற்றம் அங்கேதான். தனியாக நிற்கும் கொக்கின் அளவைக் கண்ணால் கணிக்க முடியாது. வெறும் தண்ணீர்ப் பரப்பில் வெள்ளை உருவம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். பக்கத்தில் வேறு பறவை இருந்தால் மட்டும் அளவைப் பேசுங்கள். நாமக்கோழி சுமார் 40 செ.மீ., நீலத் தாழைக்கோழி சுமார் 45 செ.மீ.; இவை பெரும்பாலான ஏரிகளில் இருக்கும், நல்ல அளவுகோல். அதிலும் இரண்டும் ஒரே தொலைவில் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் சின்னக் கொக்கு, நாற்பது அடி பின்னால் நிற்கும் நடுத்தரக் கொக்கைவிடப் பெரிதாகத் தெரியும்.

முதலில், கொக்கே அல்லாத வெள்ளைகளைக் கழித்துவிடலாம். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன் மூன்றும் தொலைவில் வெள்ளையாகத் தெரியும். பறக்கும்போது இவை கழுத்தை நேராக நீட்டிக்கொள்ளும். கொக்கு கழுத்தை மடக்கி, தலையைத் தோளோடு இழுத்து வைத்துக்கொண்டு பறக்கும். எழும்பும் நொடியிலும் இறங்கும் நொடியிலும் கொக்கும் கழுத்தை நீட்டும் என்பதால், நாலைந்து சிறகடிப்பு போகட்டும், பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது மடையான், அதாவது குருட்டுக் கொக்கு. வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது மண்ணோடு மண்ணாக இருக்கும். எழும்பினால் இறக்கையும் வாலும் பளிச்சென்று வெள்ளை. பறக்கும்போது மட்டும் கண்டவர்கள் உண்ணிக்கொக்கு என்று எழுதிவிடுவார்கள். முதுகைப் பாருங்கள். மடையானுக்கு இரண்டு வெள்ளை இறக்கைக்கும் நடுவே முதுகு பழுப்பாகத் தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் அதுவே கருஞ்சிவப்பாகிவிடும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 8×42 பைனாகுலர் போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மி.மீ. கணக்கில். 10 மடங்கு வாங்கினால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று நினைப்பார்கள். கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும், பார்க்கும் பரப்பு குறுகும், பறக்கும் பறவையைப் பிடிக்கவே முடியாது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது. 8×25 சின்னக் கருவியில் இது 3 மி.மீ. சொச்சம்தான், பகலில் வேறுபாடு தெரியாது, விடியலிலும் அந்தியிலும் படம் இருண்டு போகும். கொக்குகள் மும்முரமாக இயங்குவதோ அந்த நேரங்களில்தான்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பலர் செய்வதில்லை. முப்பது நாற்பது அடி தூரத்தில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை இடது கண்ணால் மட்டும் பார்த்து, நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணால் மட்டும் பார்த்து, வலது கண்வில்லையில் உள்ள வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் எந்தக் குறியில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பையில் உரசி நகர்ந்துவிடும். அடிக்கடி சரிபார்க்க வேண்டும். சில கருவிகளில் இந்த வளையம் இடப்பக்கமோ நடுவிலோ இருக்கும், வேலை ஒன்றுதான். கண்ணாடி அணிபவர்கள் கண்வில்லையின் ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கி விட்டுப் பார்க்க வேண்டும், அணியாதவர்கள் மேலே ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவியைவிட முக்கியம் வெயில் விழும் திசை. காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மேற்குக் கரையில் நின்று கிழக்கே. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் மஞ்சள் அலகும் கறுப்பாகத்தான் தெரியும். அலகு நிறத்தை வைத்துத் தவறாகப் பெயர் எழுதப்படுவதற்குப் பெரிய காரணம் இதுதான். வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் கானல் அலையடிக்கும், நூறு மீட்டருக்கு அப்பால் உள்ளது கலங்கிவிடும். கோடையில் ஒன்பது மணிக்கெல்லாம் இது தொடங்கிவிடும்.

இனி கொக்குகளுக்கு வருவோம். எளிதானது உண்ணிக்கொக்கு. கழுத்து கட்டை, உடல் தடித்தது, அலகு குட்டையாக மஞ்சள். அலகுக்கு அடியில் தாடைப் பகுதி இறகால் புடைத்து, தாடி விட்டதுபோல் இருக்கும். வேறு எந்த வெள்ளைக் கொக்குக்கும் இந்தத் தாடை இல்லை. இடமும் சொல்லிவிடும்: மாட்டின் காலடி, உழும் டிராக்டரின் பின்னால், அறுவடை எந்திரத்தின் ஓரம், குப்பைமேடு. மாடு நடக்கும்போது கிளம்பும் வெட்டுக்கிளியும் தத்துக்கிளியும்தான் அதற்கு இரை. கொத்துவதற்கு முன் கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டும், அதைக் கவனியுங்கள். ஆனால் மற்றக் கொக்குகளும் உழுத வயலுக்கு வரும், நடுத்தரக் கொக்கு மாட்டுக்குப் பக்கத்திலும் நிற்கும். ஆகவே மாடு பக்கத்தில் இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சின்னக் கொக்குக்கு மெல்லிய கறுத்த அலகு, கறுத்த கால், மஞ்சள் விரல்கள். நூல்களில் எல்லாம் மஞ்சள் விரலைத்தான் முதலில் சொல்வார்கள். உண்மையில் பாதி நேரம் அது தண்ணீருக்குள்ளோ சேற்றுக்குள்ளோ இருக்கும். கால் வெளியே வந்தாலும் சேறு ஒட்டிக் கறுப்பாகவே தெரியும். நல்ல வழி, அது பறக்கும்வரை காத்திருப்பது: பின்னால் நீட்டிய காலின் நுனியில் மஞ்சள் தனியாகத் தெரியும். அதைவிட நல்ல வழி, நடத்தையைப் பார்ப்பது. நான்கிலும் சின்னக் கொக்குதான் ஓயாதது. ஓடும், சட்டென்று திரும்பும், இறக்கையைப் பாதி விரிக்கும். ஆழமில்லாத நீரில் ஒற்றைக் காலை முன்னே நீட்டி, விரல்களை நடுங்கவிட்டு அடிச்சேற்றைக் கிளறும். கிளறிய இடத்திலிருந்து சிறு மீனோ இறாலோ துள்ளினால் அதே கணம் கொத்து விழும். நீர்க்காகக் கூட்டம் மீனைக் கரையோரம் துரத்திக்கொண்டு வந்தால், கரையில் கூடவே ஓடி வருவதும் பெரும்பாலும் இதுதான்.

மஞ்சள் அலகும் கறுத்த காலுமாக, கழுத்தும் நீளமாக ஒன்று நின்றால் உண்மையான வேலை தொடங்குகிறது. நடுத்தரமா, பெரியதா? தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் நடக்கின்றன. இதற்குத் தீர்ப்புச் சொல்வது கடைவாய்க் கோடு. அலகின் இரண்டு பாதியும் சேரும் கோடு பின்னால் போய் முகத்தில் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பெரிய கொக்குக்கு அந்தக் கோடு கண்ணுக்கு அடியில் ஓடி, கண்ணைத் தாண்டிப் பின்னால் கூராக முடியும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்கு நேர் அடியிலேயே நின்றுவிடும். கண்ணின் பின்விளிம்பிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு இறங்குவதாக மனதில் வையுங்கள். கடைவாய் அதைத் தாண்டினால் பெரியது, தாண்டாவிட்டால் நடுத்தரம்.

இதைப் பார்க்கப் பறவை முழுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். தலை சற்றே உங்கள் பக்கம் திரும்பியிருந்தாலும் கோட்டின் நீளம் தவறாகத் தெரியும். காத்திருங்கள். கொக்கு இரையை விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கடைவாய் நன்றாகத் திறந்து காட்டும்.

துணைக் குறிப்புகள் சில. பெரிய கொக்கின் நெற்றி தட்டை. அலகு தலையைவிட நன்றாக நீளம். தலையும் அலகும் சேர்ந்து ஒரே ஆப்பாக ஓடும். நடுத்தரக் கொக்கின் தலை உருண்டை, அலகு குட்டை, மஞ்சள் அலகின் நுனியில் பெரும்பாலும் கொஞ்சம் கறுப்பு. கழுத்தை நீட்டினால் பெரிய கொக்குக்கு அது உடலைவிட நீளம், நடுவில் முட்டி வைத்ததுபோல் கூரான மடிப்பு. நடுத்தரத்துக்குக் கழுத்தும் உடலும் ஏறக்குறைய ஒரே நீளம், வளைவு வழுவழுப்பானது. குளிர்காற்றில் கழுத்தைச் சுருட்டி ஒடுங்கி நிற்கும் பெரிய கொக்கில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அப்போது கடைவாய் ஒன்றையே நம்புங்கள். நடையும் உதவும்: பெரியது தொடையளவு நீரில் நெடுநேரம் அசையாமல் நிற்கும், நடுத்தரம் கோரையும் புல்லும் கலந்த ஆழமில்லாத இடத்தில் மெதுவாக அடியெடுத்து நடக்கும்.

இவ்வளவையும் கற்றபின் மழைக்காலம் வந்து பாதியைக் கலைத்துவிடும். இனப்பெருக்கக் காலத்தில் அலகும் முகத்தோலும் காலும் நிறம் மாறுகின்றன. பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுப்பாகிவிடும், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள இறகற்ற தோல் பசுநீலமாகும், கால்மூட்டுக்கு மேலே செம்மை ஏறும். நடுத்தரத்தின் அலகும் கறுக்கும். கறுத்த அலகைக் கண்டதும் சின்னக் கொக்கு என்று எழுதுவது அதனால்தான் ஆபத்து. இடையில் சில வாரங்கள் அலகு பாதி மஞ்சள் பாதி கறுப்பாகவும் இருக்கும். சின்னக் கொக்குக்கு அந்த முகத்தோல் சில நாள்கள் சிவக்கும். உண்ணிக்கொக்குக்குத் தலை, கழுத்து, முதுகில் ஆரஞ்சு ஏறும், உச்சத்தில் அலகும் காலும்கூடச் சிவக்கும்.

நிறம் கைவிட்டாலும் அந்தப் பருவம் வேறு ஓர் அடையாளம் தருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இழை இழையாகத் தொங்கும் அலங்கார இறகுகள் எங்கே முளைத்திருக்கின்றன என்று பாருங்கள். சின்னக் கொக்குக்குப் பிடரியில் நீளமாக இரண்டு, அத்துடன் மார்பிலும் முதுகிலும். நடுத்தரத்துக்கு மார்பிலும் முதுகிலும், பிடரியில் இல்லை. பெரியதுக்கு முதுகில் மட்டும். தொலைவில் நின்றாலும், காற்று வீசும்போது இந்த இழைகள் தனியாகப் பறப்பது தெரியும். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் பல இனங்கள் அடுத்தடுத்துக் கூடு வைத்திருக்கும்போது இதை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. வேறு ஊரில் கூடுகட்டும் மரத்தைக் கண்டால் அடியில் போய் நிற்காதீர்கள். தாய் எழும்பிப் போன கொஞ்ச நேரத்துக்குள் காகம் முட்டையையும் குஞ்சையும் தூக்கிவிடும். அலங்கார இறகைப் பார்க்கக் கூடுவரை போக வேண்டியதில்லை, இரை தேட வரும் இடத்திலேயே பார்க்கலாம்.

இளம் பறவைகளும் குழப்பும். கூட்டைவிட்டு வந்த சின்னக் கொக்குக் குஞ்சுக்குக் கால் கறுப்பாக இருக்காது, பச்சை கலந்து மங்கியிருக்கும். அலகின் அடிப்பாகமும் வெளுத்திருக்கும். உண்ணிக்கொக்குக் குஞ்சுக்கு முதலில் அலகு கறுப்பு, பிறகுதான் மஞ்சளாகும். கட்டைக் கழுத்தும் தாடையும் அப்போதே இருக்கும், அவற்றைப் பாருங்கள். ஒற்றை அடையாளத்தை வைத்து எந்தக் கொக்குக்கும் பெயர் வைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். குறைந்தது இரண்டு, அதிலும் ஒன்று நிறம் சாராததாக இருக்கட்டும்.

படம் எடுத்துப் பிறகு வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கருநிறத் தண்ணீருக்கு முன் வெள்ளைப் பறவை நின்றால், கேமரா முழுக் காட்சியையும் சராசரியாக்கி ஒளியைக் கூட்டிவிடும்; பறவை வெந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். முகத்தில் உள்ள மெல்லிய கோடு முதலில் அழியும். கேமராவின் ஒளி ஈட்டுக் குறியை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) −0.7 முதல் −1.3 வரை இறக்குங்கள். படம் இருட்டாக இருந்தால் பிறகு வெளிச்சமாக்கலாம், வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. அழகான படம் வேண்டாம். தலை பக்கவாட்டில், கால் நீருக்கு வெளியே, பக்கத்தில் வேறொரு பறவை, இவை இருந்தால் போதும். மெர்லின் செயலியில் அந்தப் படத்தைக் கொடுத்தால் ஒரு பெயர் சொல்லும். அதை முடிவாகக் கொள்ளாமல், கடைவாயை நீங்களே பார்த்துச் சரிபாருங்கள்.

கைக்குறிப்பு எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எனக்கு அது வருத்தம். படம் எடுப்பவர் பறவையைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்க்கிறார். சின்ன நோட்டில் தேதி, நேரம், வெயில் எந்தப் பக்கம், ஏறத்தாழ எத்தனை மீட்டர் என்று எழுதி, அடியில் தலையை மட்டும் வரையுங்கள்: ஒரு வட்டம், ஒரு கண், ஒரு அலகு, கடைவாய் முடியும் இடம். ஓவியம் வராதவரும் இதை வரைய முடியும். வரையும்போதுதான் எதைப் பார்க்காமல் விட்டோம் என்பது தெரியும். பறவை இன்னும் அங்கேதான் நிற்கும், மறுபடி பார்க்கலாம். பெயரைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் பெயரை எழுதினால் கண் அந்தப் பெயருக்கு ஏற்றதை மட்டும் பார்க்கும்.

பெயர் உறுதியாகாத கொக்கை வெறும் வெள்ளைக் கொக்கு என்று எழுதுவது குறையல்ல. பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் இணையதளத்தின் பட்டியலில் இனம் தெரியாதவற்றுக்கென்றே தனிப் பதிவு இருக்கிறது. மாலையில் அடையும் மரத்துக்கு ஐம்பது, நூறு என்று பறந்து வரும்போது எல்லாவற்றுக்கும் இனம் சொல்வது நடக்காது. பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வைத்துப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். உறுதியாகத் தெரிந்ததை இனமாகவும், மற்றதை வெள்ளைக் கொக்காகவும் பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் உண்ணிக்கொக்கு என்று போட்டுவிட்டால், நாளை அந்த ஏரியில் நடுத்தரக் கொக்கு குறைகிறதா என்று யாரும் அறிய முடியாது. பழகிக்கொள்ள நல்ல வாய்ப்பு, ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்துக் கண்டதையெல்லாம் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

ஏரியில் நான்கும் பிடிபட்ட பிறகு கடற்கரைக்குப் போங்கள். பழவேற்காடு, கோடியக்கரை, ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கத்துக் கழிமுகங்களில் ஐந்தாவது ஒன்று காத்திருக்கிறது: கரைக்கொக்கு. கருஞ்சாம்பல் உடலும் வெள்ளைத் தொண்டையுமாக வரும் வகையில் சிக்கல் இல்லை. வெள்ளை வகை அப்படியே சின்னக் கொக்கைப் போல இருக்கும், அதைப் போலவே ஓடும், காலால் கிளறும். அலகைப் பாருங்கள்: சற்றுத் தடித்தது, நுனி லேசாகக் கீழே வளைந்தது, கறுப்பாக இல்லாமல் பழுப்பு மஞ்சள். விரலின் மஞ்சள் விரலோடு நிற்காமல் காலில் மேலே ஏறியிருக்கும். இளம் சின்னக் கொக்குக்கும் அலகு வெளுத்திருக்கும் என்று மேலே சொன்னேன், ஆகவே நிறத்தோடு தடிமனையும் வளைவையும் சேர்த்துப் பாருங்கள். இந்த இரண்டு இனமும் சில இடங்களில் கலந்து குஞ்சு பொரிப்பதும் உண்டு. எல்லா அடையாளமும் நடுவாந்தரமாக நிற்கும் ஒன்றைக் கண்டால் பெயரைக் காலியாக விட்டு, அலகையும் காலையும் வரைந்து வையுங்கள்.